17 மணி நேரம் என்று போட்டிருந்தது, 44 மணி நேரம் ஆனது

எங்கள் ராணிப்பேட்டைப் பக்கத்தில் யாரிடமாவது ஆம்பூர் எவ்வளவு தூரம் என்று கேட்டுப் பாருங்கள், கிலோமீட்டரில் பதில் வராது. "ஒன்றரை மணி நேரம் ஆவும், பள்ளிகொண்டா டோல்ல நின்னா இன்னும் கொஞ்சம்" என்பார்கள். இதைவிடச் சரியான பதில் கிடையாது என்று இப்போது தெரிகிறது. பிரேசில் போகும்போது மட்டும் எனக்கு இந்தப் புத்தி வேலை செய்யவில்லை. போனில் சென்னை, சாவோ பாலோ என்று இரண்டு ஊரையும் தட்டினேன். 14,288 கிலோமீட்டர், பறக்கும் நேரம் 17 மணி 20 நிமிடம் என்று வந்தது. நேராக அம்மாவிடம் போய், "17 மணி நேரந்தாம்மா, வியாழக்கிழமை ராத்திரி கிளம்பினா வெள்ளிக்கிழமை சாயங்காலம் போய்ச் சேர்ந்துடுவேன்" என்று சொல்லிவிட்டேன். ராணிப்பேட்டையில் வீட்டுப் படி இறங்கியதிலிருந்து அங்கே ஓட்டல் அறைக் கட்டிலில் விழுந்தது வரை கடைசியில் ஆனது நாற்பத்து நாலரை மணி நேரம். நடுவில் ஒரு நாள் முழுக்க என்னிடமிருந்து செய்தி இல்லாமல் அம்மா யார் யாருக்கோ போன் போட்டிருக்கிறார்.

இது எப்படி ஆனது, எங்கே எங்கே நேரம் போனது, அடுத்த முறை போகிறவர்கள் என்ன பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதைத்தான் எழுதுகிறேன். பிரேசில்தான் என்றில்லை, டொராண்டோவில் மகளைப் பார்க்கப் போகிற அம்மா அப்பாவுக்கும் இந்தக் கணக்கு பொருந்தும்.

நான் ஒரு தோல் ஷாப்பில், அதாவது தோல் பதனிடும் இடத்தில், செலக்ஷன் பார்க்கிற ஆள். அதாவது வருகிற தோலைப் புரட்டிப் பார்த்து இது முதல் தரம், இது மூன்றாவது, இது ஆகாது என்று பிரிக்கிற வேலை. உலகத்திலேயே மாடு மிக அதிகமாக இருக்கிற நாடுகளில் ஒன்று பிரேசில். அங்கிருந்து வெட் ப்ளூ, அதாவது குரோம் போட்டுப் பாதி பதனிட்ட நீல நிற ஈரத்தோல், கன்டெய்னரில் வெளிநாடுகளுக்கெல்லாம் போகிறது. விலை பரவாயில்லை, ஆனால் உண்ணி கடித்த தழும்பும் மாட்டுக்குப் போடுகிற சூட்டுத் தழும்பும் அதிகம். போட்டோவைப் பார்த்து வாங்கி ஒருமுறை கையைச் சுட்டுக்கொண்ட முதலாளி, நேரில் போய்ப் பார்த்துவிட்டு வாங்குங்கள் என்று என்னையும் மேல்விஷாரத்துக்காரரான பாயையும் அனுப்பினார். பாய்க்கு இந்தத் தொழிலில் 35 வருஷ அனுபவம். எனக்கு அப்பா வயது.

போக வேண்டிய ஊர் சாவோ பாலோ இல்லை, அதற்கும் தெற்கே, போர்ட்டோ அலெக்ரி பக்கத்தில் இருக்கிற நோவோ ஹாம்பர்கோ. ஜெர்மன்காரர்கள் குடியேறிய பகுதி, பிரேசிலின் காலணித் தலைநகரம் என்று அந்த ஊருக்குப் பெயர். போர்ச்சுகீசில் முதல் 'ஹ'வை உச்சரிக்க மாட்டார்களாம், அதனால் அந்த ஊர்க்காரர்கள் சொல்லும்போது "நோவு ஆம்புர்கு" என்றுதான் காதில் விழுகிறது. நோவு என்றால் புது. "அப்போ புது ஆம்பூர்னு சொல்லு" என்றார் பாய். அன்றிலிருந்து எங்களுக்கு அது புது ஆம்பூர்தான். செருப்புக்கும் ஷூவுக்கும் பேர்போன ஊர், தோல் ஷாப், பக்கத்தில் ஒரு ஆறு, அந்த ஆற்றைப் பற்றி ஊர்க்காரர்களுக்கு ஒரு வருத்தம். நம் ஆம்பூரோடு ஒத்துப்போனது பேர் மட்டும் இல்லை.

சரி, தூரக் கணக்குக்கு வருகிறேன். திரும்பி வந்த பிறகு மகளுடைய உலக உருண்டையை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். 30 செ.மீ. விட்டம் உள்ளது. ஷாப்பிலிருந்து கொண்டுவந்த தையல் நூலின் ஒரு முனையைச் சென்னையில் வைத்து இன்னொரு முனையைச் சாவோ பாலோவில் வைத்து இறுக்கி இழுத்தால் நூல் தானாக வழுக்கிக்கொண்டு போய் ஒரு இடத்தில் நிற்கும். அதுதான் இரண்டு ஊருக்கும் நடுவில் இருக்கிற மிகக் குறுகிய வழி. நூலை அளந்தால் 33 செ.மீ.க்கும் 34 செ.மீ.க்கும் நடுவில் வரும். பூமியின் சுற்றளவு சுமார் 40,000 கிலோமீட்டர், இந்த உருண்டையின் சுற்றளவு 94 செ.மீ., ஆக ஒரு சென்டிமீட்டர் என்பது 425 கிலோமீட்டர். பெருக்கிப் பார்த்தால் போனில் வந்த அதே 14,000 சொச்சம். நூல் இந்தியப் பெருங்கடலைத் தாண்டி மொம்பாசா பக்கமாக ஆப்பிரிக்காவுக்குள் நுழைந்து, காங்கோவைக் கடந்து, அங்கோலாவில் வெளியேறி அட்லாண்டிக்கில் இறங்குகிறது. சுவரில் மாட்டியிருக்கிற தட்டை வரைபடத்தில் ஸ்கேலை வைத்துக் கோடு போட்டால் இந்த வழி கிடைக்காது. தூர ஊருக்கெல்லாம் நூலும் உருண்டையும்தான் சரி.

ஆனால் அந்த நூல் போகிற வழியில் பயணிகள் விமானம் எதுவும் போகவில்லை, இதுதான் விஷயம். விமானத்தால் முடியாது என்றில்லை. சிங்கப்பூரிலிருந்து நியூயார்க்குக்கு 15,300 கிலோமீட்டருக்கு மேல் ஒரே மூச்சில் பறக்கிறார்களே. சென்னையிலிருந்து சாவோ பாலோவுக்குத் தினமும் 300 பேர் போனால் விடுவார்கள், போவது என்னவோ எங்களை மாதிரி நாலு தோல்காரர்கள். அதனால் 17 மணி 20 நிமிடம் என்பது இல்லாத விமானத்தின் நேரம். தூரத்தை வேகத்தால் வகுத்துப் போட்ட கணக்கு, அவ்வளவுதான். உங்கள் ஊருக்கும் போகிற ஊருக்கும் நேர் விமானம் இருக்கிறதா என்று பார்க்காமல் இந்த நேரத்தை யாரிடமும் சொல்லாதீர்கள், முக்கியமாக அம்மாவிடம்.

நாங்கள் போனது துபாய் வழியாக. சென்னை துபாய் சுமார் 2,930 கிலோமீட்டர், துபாய் சாவோ பாலோ 12,200. கூட்டினால் நேர் வழியைவிட 850 கிலோமீட்டர்தான் அதிகம், உருண்டையில் இரண்டு சென்டிமீட்டர். இது பெரிய சுற்று இல்லை. இதே சாவோ பாலோவுக்கு ஐரோப்பா வழியாக மலிவாக டிக்கெட் வரும், அதைப் போட்டால் வடக்கே ஏறி மறுபடி தெற்கே இறங்கி ஆயிரக்கணக்கில் கூடிவிடும். டிக்கெட் எடுக்கும் முன் நூலை அந்த நடு ஊர் வழியாக வளைத்துப் பாருங்கள், எவ்வளவு நூல் கூடுதலாகத் தேவைப்படுகிறது என்று கையாலேயே தெரியும்.

பறக்கும் நேரத்துக்கு என்னிடம் இப்போது ஒரு மனக்கணக்கு இருக்கிறது. கிலோமீட்டரை 850ஆல் வகுத்து அரை மணி கூட்ட வேண்டும். அரை மணி என்பது ஓடுதளத்துக்கு ஊர்ந்து போவது, ஏறுவது, இறங்குவது எல்லாவற்றுக்கும். சென்னை துபாய்க்குப் போட்டால் 4 மணி வரும், எங்களுக்கு 4 மணி 10 நிமிடம் ஆனது. துபாய் சாவோ பாலோவுக்குப் போட்டால் 14 மணி 50 நிமிடம் சொச்சம், ஆனது 14 மணி 55 நிமிடம். ஆனால் எல்லா வழிக்கும் இப்படிப் பொருந்தாது. சென்னையிலிருந்து லண்டன் போக ஆகும் நேரத்தைவிட அங்கிருந்து வர ஆகும் நேரம் குறைவு. ராணிப்பேட்டை முத்துக்கடைப் பக்கம் டீ குடிக்கும்போது இதைச் சொன்னதும் ஒருவர், "பூமி சுத்துது இல்ல, அதான். ஹெலிகாப்டர்ல மேல ஏறி சும்மா நின்னாலே அமெரிக்கா கீழ வந்துடும்" என்றார். அரை மணி நேரம் இதே பேச்சு. பூமி சுற்றும்போது காற்றும் சேர்ந்துதான் சுற்றுகிறது, ஓடுகிற ரயிலுக்குள் பந்தை மேலே போட்டால் கையிலேயேதானே விழுகிறது. விமானம் பறக்கிற உயரத்தில், பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் மேலே, மேற்கிலிருந்து கிழக்கே ஜெட் காற்று ஆறு மாதிரி ஓடுகிறது. கிழக்கே வந்தால் தள்ளிவிடும், மேற்கே போனால் எதிர்த்து நிற்கும். லண்டன், அமெரிக்கா போகிறவர்களுக்கு இந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும். எங்கள் வழி பெரும்பாலும் வெப்பமண்டலம் என்பதால் போக வர ஒரு மணிக்கும் குறைவான வித்தியாசம்தான்.

இன்னொன்று, நூல் காட்டுகிற வழியில் விமானம் எப்போதும் போவதும் இல்லை. துபாயிலிருந்து சாவோ பாலோவுக்கு நூல் பிடித்தால் செங்கடலைத் தாண்டிச் சூடானுக்கு மேலே போகிறது. 2023 ஏப்ரலில் அங்கே சண்டை தொடங்கியதிலிருந்து விமானங்கள் அந்த வானத்தைத் தவிர்க்கின்றன. உக்ரைன் போருக்குப் பிறகு ஐரோப்பிய விமானங்கள் ரஷ்யாவுக்கு மேலே பறக்க முடியாமல் ஜப்பானுக்குச் சுற்றிப் போகின்றன. இரண்டு வருஷத்துக்கு முன் போன மாமா சொன்ன நேரத்தை நம்பி இந்த வருஷம் திட்டம் போடுவது சரிப்படாது.

இதெல்லாம் வானத்துக் கணக்கு. என்னைக் கவிழ்த்தது தரைக் கணக்கு.

டிக்கெட் போட்டுக் கொடுத்தவர், பெயர் வேண்டாம், சென்னையிலிருந்து சாவோ பாலோ வரை ஒரு டிக்கெட்டும், அங்கிருந்து போர்ட்டோ அலெக்ரிக்கு உள்நாட்டு விமானத்தில் தனியாக ஒரு டிக்கெட்டும் போட்டிருந்தார். தனித்தனியாகப் போட்டதில் ஒரு ஆளுக்கு நாலாயிரம் ரூபாய் மிச்சம் என்று பெருமையாகச் சொன்னார், நானும் சந்தோஷப்பட்டேன். மாலை 5 மணிக்கு இறக்கம், 7:10க்கு அடுத்த விமானம், இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கிறதே என்று. மொத்தப் பயண நேரம் என்று அவர் அனுப்பிய செய்தியில் 21 மணி 30 நிமிடம் என்று இருந்தது. அது சென்னையில் சக்கரம் மேலே எழும்பியதிலிருந்து சாவோ பாலோவில் சக்கரம் தரையைத் தொட்டது வரை. நான் குடியிருப்பது மீனம்பாக்கம் ஓடுதளத்தில் இல்லையே.

கிளம்பியது இப்படி. விமானம் வெள்ளி அதிகாலை 4 மணிக்கு. மூன்று மணி நேரம் முன்னால் போக வேண்டும், அப்படியென்றால் 1 மணி. ராணிப்பேட்டையிலிருந்து விமான நிலையம் 100 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல்தான், பகலில் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் மாட்டினால் மூன்று மணி நேரமும் ஆகும், ராத்திரியில் இரண்டரை. எதற்கும் இருக்கட்டும் என்று வியாழன் ராத்திரி 10 மணிக்கே வண்டி எடுத்தோம். அங்கேயே ஆறு மணி நேரம் போச்சு, இன்னும் ஒரு அடி பறக்கவில்லை. வேலூர் அப்துல்லாபுரத்தில் விமான நிலையம் வரும் வரும் என்று பேச்சு ஓடுகிறதே, அது வந்தாலும் இந்த மாதிரிப் பயணத்துக்குச் சென்னையோ பெங்களூரோ போய்த்தான் ஆக வேண்டும். ஆம்பூர், வாணியம்பாடிக்காரர்கள் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்துப் போடுவது நல்லது. அவர்களுக்குத் தூரத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. ராணிப்பேட்டைக்குச் சென்னைதான்.

அது மார்ச் மாதம், நோன்பு நேரம். பயணிக்கு நோன்பில் சலுகை உண்டு, பிறகு வைத்துக்கொள்ளலாம் என்று பாயே எனக்கு வண்டியில் விளக்கினார். முஸாபிர் என்பார்களாம். நல்லது, அப்படியே செய்யுங்கள் என்றேன். மூன்று மணிக்கு விமான நிலையத்தில் டிபன் பாக்ஸைத் திறந்து, வீட்டில் கட்டிக்கொடுத்த சப்பாத்தியைச் சாப்பிட்டுவிட்டு, தண்ணீர் குடித்துவிட்டு, "நோன்பு வச்சிருக்கேன் தம்பி" என்றார். முப்பது வருஷமாக ஒன்று விடவில்லையாம். மார்ச்சில் நம் ஊரில் நோன்பு என்பது பதிமூன்று மணி நேரம் சொச்சம். நாம் போகப் போவது மேற்கே, சூரியன் போகிற அதே திசை என்பது இரண்டு பேருக்குமே அப்போது உறைக்கவில்லை.

துபாயில் காலை 9 மணிக்குப் புறப்பட்டோம். பகல். நாலு மணி நேரம் கழித்து ஜன்னலைக் கொஞ்சம் தூக்கிப் பார்த்தால் பகல். எட்டு மணி நேரம் கழித்தும் பகல், வெயில் சாய்ந்த மாதிரிகூடத் தெரியவில்லை. விமானம் சூரியனைத் துரத்திக்கொண்டு போகிறது, முழுக்கப் பிடிக்க முடியவில்லை, விட்டுக்கொடுக்கவும் இல்லை. பாய் மணிக்கட்டில் இருந்த கடிகாரத்தை மாற்றவே இல்லை, அது ராணிப்பேட்டை நேரத்திலேயே ஓடியது. அதில் மாலை ஆறே கால் ஆனபோது, ஊரில் இந்நேரம் பள்ளிவாசலில் நோன்புக் கஞ்சி ஊற்றியிருப்பார்கள் என்றார். எங்கள் முன்னால் இருந்த திரையில் குட்டி விமானம் அட்லாண்டிக்கில் பாதியைக்கூட இன்னும் தாண்டவில்லை. விமானப் பணிப்பெண் மூன்றாவது தடவை தட்டோடு வந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து கோழிக்கறி சாப்பிடக் கூச்சப்பட்டுக்கொண்டு பன்னை மட்டும் பிய்த்துத் தின்றேன். "நீ சாப்பிடுப்பா, எனக்காகப் பட்டினி கிடந்தா அது எந்தக் கணக்குலயும் வராது" என்றார். கடிகாரத்தைப் பார்த்து நோன்பு திறந்துவிடலாமே பாய் என்று கேட்டேன். "நான் இருக்கிற இடத்துல சூரியன் விழணும் தம்பி. கடிகாரம் விழுந்து என்ன ஆவப்போவுது" என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

உள்ளூர் நேரம் மாலை 5 மணிக்கு இறங்கினோம். இந்தியாவுக்கும் அங்கேயும் எட்டரை மணி நேர வித்தியாசம், அதாவது பாயின் கடிகாரத்தில் நள்ளிரவு தாண்டி ஒன்றரை. குடியேற்ற வரிசையில் நின்று, முத்திரை வாங்கி, பெட்டி வருகிற இடத்துக்கு வந்தபோது கண்ணாடிக்கு வெளியே வானம் ஆரஞ்சு. ஆறே காலுக்குச் சூரியன் விழுந்தது. பாய் சட்டைப் பையிலிருந்து ஒரு பேரீச்சம்பழத்தை எடுத்தார், காகிதத்தில் மடித்து வைத்திருந்தார், கை லேசாக நடுங்கியது. இருபத்தொரு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது. அப்போதுதான் என் பெட்டி பெல்ட்டில் வந்தது. அதற்குள் அங்கே கொடுப்பதற்கென்று வாங்கிய ஆற்காடு மக்கன் பேடா ஒரு கிலோ. பிரேசிலுக்குள் பால், இறைச்சிப் பண்டங்களைக் கொண்டுபோகக் கட்டுப்பாடு உண்டு என்று எனக்கு விமானத்தில் கொடுத்த படிவத்தைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது, கோவாவில் செய்ததாயிற்றே என்று வயிறு கலங்கியது. அந்த பெல்ட் பக்கத்திலேயே பெட்டியைத் திறந்து நானும் பாயும், எங்களோடு வரிசையில் நின்ற கோயம்புத்தூர்க்காரர் ஒருவரும் முக்கால் கிலோவை முடித்தோம். மீதியைக் குப்பைத்தொட்டியில் போடும்போது எனக்குக் கண்ணில் தண்ணீர் வராத குறை. இனிப்பு கொண்டுபோவதென்றால் பால் சேராததாகப் பாருங்கள், கடலை மிட்டாயே போதும்.

இந்தக் கூத்தில் ஏழு மணி விமானத்தைத் தவறவிட்டோம் என்று சொல்லலாம், ஆனால் பேடா மேல் பழி போட முடியாது. முதலில் கால் வைக்கிற ஊரிலேயே பெட்டியை எடுத்து, சுங்கம் முடித்து, மறுபடி உள்நாட்டு விமானத்துக்குப் போட வேண்டும் என்பது அங்கே வழக்கம். வந்து இறங்கியது மூன்றாவது முனையம், உள்நாட்டு விமானம் இரண்டாவது முனையம், நடந்தே போகலாம், ஆனால் இரண்டு பெட்டியோடு. கவுன்ட்டருக்குப் போய் நின்றபோது மூடிவிட்டார்கள். இரண்டும் ஒரே டிக்கெட்டாக, ஒரே பிஎன்ஆரில் இருந்திருந்தால் அடுத்த விமானத்தில் ஏற்றிவிடுவது விமானக் கம்பெனியின் பொறுப்பு. தனித்தனி டிக்கெட் என்றால், நீங்கள் தாமதமாக வந்தீர்கள், அவ்வளவுதான். மறுநாள் காலை 6:50க்குப் புது டிக்கெட் எடுத்தோம். மிச்சம் பிடித்த நாலாயிரத்தைப் போல எத்தனை மடங்கு போனது என்று முதலாளிக்குக் கணக்கு எழுதும்போது மறுபடி மறுபடி கூட்டிப் பார்த்தேன், குறையவே இல்லை.

இதை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். கடைசி ஊர் வரை ஒரே டிக்கெட். அது கிடைக்கவில்லை, தனியாகத்தான் போட முடியும் என்றால் நடுவில் ஐந்து மணி நேரமாவது விடுங்கள், இல்லாவிட்டால் அந்த ஊரிலேயே ராத்திரி தங்குவது போலப் போடுங்கள். வைஃபையை நம்பாதீர்கள், வெளிநாட்டு ரோமிங் ஒரு நாளைக்காவது போட்டுக்கொண்டு போங்கள். என் போனில் சார்ஜ் தீர்ந்தது, அங்கே உள்ள பிளக்கில் நம் ஊர் சார்ஜர் முள் நுழையவில்லை, அதனால்தான் அம்மா அப்படிப் பயந்துபோனார்.

அந்த ராத்திரி நாற்காலியில் கழிந்தது. பாய்க்கு இஷாத் தொழுகைக்குத் திசை தெரிய வேண்டும். பழக்கத்தில் மேற்கு எங்கே என்று கேட்டார். ராணிப்பேட்டையில் மேற்கே பார்த்து நின்றே பழகியவர். போனில் பார்த்தால் கிப்லா கிழக்கே, கொஞ்சம் வடக்கே சாய்ந்து. "மக்காவைத் தாண்டி வந்துட்டோம் இல்ல" என்று அவராகவே சிரித்தார். 14,000 கிலோமீட்டர் என்றால் என்ன என்பது எனக்கு அந்த நிமிஷம்தான் புரிந்தது. அப்புறம் புது ஆம்பூரில் மத்தியானம் சூரியன் வடக்கே நிற்பதைப் பார்த்து டேனரி வாசலிலேயே ஒருமுறை திசை தவறினேன்.

காலை விமானத்தில் ஒன்றே முக்கால் மணி நேரம், அப்புறம் காரில் 40 கிலோமீட்டர். சனிக்கிழமை காலை 10 மணி, ஊரில் மாலை ஆறரை. பறந்தது 21 மணி நேரத்துக்கும் கொஞ்சம் குறைவு. மீதி 24 மணி நேரமும் ரோடு, வரிசை, காத்திருப்பு, நாற்காலி. விமானம் தவறாமல் போயிருந்தாலும் நான் உட்கார்ந்து கணக்குப் போட்டதில் வீட்டிலிருந்து ஓட்டல் வரை 33 மணி நேரம் வருகிறது. அதனால் இப்போது யாராவது கேட்டால் பறக்கும் நேரத்தை ஒன்றரையால் பெருக்கி, அதற்கு மேலும் கொஞ்சம் சேர்த்துச் சொல்கிறேன்.

உடம்பைப் பற்றி. எட்டரை மணி நேர வித்தியாசம் சரியாக ஒரு வாரம் ஆகும் என்று சொன்னார்கள், எனக்குப் போனபோது நாலு நாளில் சரியானது, திரும்பி வந்தபோதுதான் ஒன்பது நாள் ராத்திரி இரண்டு மணிக்கு முழிப்பு. கிழக்கே வருவதுதான் கஷ்டம் என்பது உண்மை, நாளைச் சுருக்குவதைவிட நீட்டுவது உடம்புக்குச் சுலபம். இறங்கிய முதல் இரண்டு நாள் தோல் செலக்ஷன் மாதிரிக் கண் வேலை வைத்துக்கொள்ளாதீர்கள். நான் முதல் நாள் மத்தியானம் இரண்டாம் தரம் என்று தள்ளிய அடுக்கை மூன்றாம் நாள் பாய் புரட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் நாலு தோலை முதல் தரத்துக்கு மாற்றி வைத்தார். சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அந்த ஊர்க் கடிகாரத்தைப் பார்க்காமல், கடைசியாகப் போட்டு எத்தனை மணி நேரம் ஆனது என்று பார்க்க வேண்டும், போவதற்கு முன்னாலேயே டாக்டரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்வது நல்லது. 15 மணி நேரம் உட்கார்ந்தே இருந்தால் கால் வீங்கும், ரத்தம் கட்டவும் வாய்ப்பு உண்டு, ஒன்றரை மணிக்கு ஒருமுறை பின்பக்கம் போய் நின்றுவிட்டு வாருங்கள். நடைபாதை ஓர இருக்கை அதற்குத்தான். ஜன்னல் ஓரத்தில் ஆப்பிரிக்கா தெரியும் என்று எடுத்தேன், பார்த்தது மேகம்.

கடைசியாக, இதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். பிரேசில், எத்தியோப்பியா, கென்யா மாதிரி நாடுகளுக்குப் போய்த் திரும்புகிறவர்களுக்கு மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி கட்டாயம். தோல் வேலையாக அடிஸ் அபாபா போகிற நம் ஊர்ப் பையன்களுக்கு இது தெரிந்திருக்கும். கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள், சென்னைத் துறைமுகச் சுகாதார அலுவலகத்திலும் போடுகிறார்கள், நினைத்த நாளில் போய் நிற்க முடியாது, முன்பதிவு பார்த்துக்கொண்டு போக வேண்டும். ஊசி போட்டுப் பத்து நாள் ஆன பிறகுதான் செல்லும். அதனால் டிக்கெட் தேதிக்கு முன் இந்தத் தேதியைப் போடுங்கள். ஒருமுறை போட்டால் ஆயுளுக்கும் போதும், 2016லிருந்து அப்படி மாற்றிவிட்டார்கள். முட்டை ஒத்துக்கொள்ளாதவர்களும் அறுபது தாண்டியவர்களும் ஊசிக்கு முன் டாக்டரிடம் பேச வேண்டும். அட்டை இல்லாமல் திரும்பினால் ஆறு நாள் வரை தனியாக வைத்துவிடுவார்கள்.

நாங்கள் திரும்பி வந்தபோது சென்னையில் சுகாதார மேசையில் அதைத்தான் முதலில் கேட்டார்கள். நான் கொடுத்துவிட்டேன். பாய் சட்டைப் பையைத் தடவினார், ஜிப்பாப் பையைத் தடவினார், கைப்பையைக் கவிழ்த்தார். அட்டை, பத்திரமாக இருக்கட்டும் என்று, இன்னும் பெல்ட்டுக்கே வராத பெரிய பெட்டிக்குள். நல்லவேளை போனில் போட்டோ இருந்தது, அதைக் காட்டி, ஒரு ஆளைக் கூட அனுப்பி, பெட்டி வந்ததும் எடுத்துக் காட்டிவிட்டு வெளியே வர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. வெளியே வண்டிக்காரத் தம்பி, "இன்னாண்ணே, பிளைட்டு அப்பவே வந்துட்ச்சின்னு போட்டுகீது, இவ்ளோ நேரம் இன்னா பண்ணினுகிறீங்க" என்றான். அந்த ஒரு மணி நேரமும் எந்தக் கணக்கிலும் இல்லை பாருங்கள். அட்டையைப் பாஸ்போர்ட்டோடு ரப்பர் பேண்டு போட்டுக் கட்டி வையுங்கள்.

அடுத்த பயணம் ஆகஸ்டில் என்கிறார் முதலாளி. நேற்று டிக்கெட்காரர் வாட்ஸ்அப்பில் நேரம் அனுப்பியிருந்தார், மொத்தம் 23 மணி 40 நிமிடமாம். கடைசி ஊர் வரை ஒரே பிஎன்ஆரா என்று ஒரு வரி கேட்டு அனுப்பினேன். இரண்டு நீல டிக்கும் வந்துவிட்டது, தட்டச்சு செய்கிறார் என்று வருகிறது, நின்றுவிடுகிறது, மறுபடி வருகிறது.